சுவர் இறங்கி வருகிறது, மச்சான்

குவார்ட்ஸைட் பாலைவன முகாம்,
அரிசோனா.
செவ்வாய்க்கிழமை, காற்று கொஞ்சம் அடங்கிய நேரம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் டெல்பர்ட் அவர்களுக்கு,

தங்கள் தங்கை லவோனைக் கைப்பிடித்தவனாகிய ஆரின் டட்டில் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அங்கே ஐடஹோவில் தங்களுக்கு இடுப்பு மாற்றிய இடத்தில் வலி குறைந்ததா, வாசல் பனியை வாரப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்களா, மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அறிய ஆவல். தாங்கள் பூரண குணமடைய வேண்டுமென்று நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு சீக்கிரம் குணமடைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். கோபிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் தங்கை இங்கிருந்து டெத் வேலிக்குக் கிளம்புகிறாள். ஊர்ப் பெயரைப் பாருங்கள், மச்சான். சாவுப் பள்ளத்தாக்காம்! பெயர் வைத்தவனே பயந்துபோய்த்தான் வைத்திருக்கிறான், இவள் அங்கே பைக்கில் ஊர் சுற்றப் போகிறாளாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் என் பைக்கை நானே ஓட்டி, வேறு யார் கையும் படாமல், எங்கள் டிரெய்லருக்குள் ஏற்றி நிறுத்திவிட்டால் நானும் கூடப் போகலாம். ஏற்றாவிட்டால் என் பைக் நிற்கிற இடத்தில் ராக்ஸி என்கிற பெண்மணியின் பைக் நிற்கும், நான் பஸ் பிடித்து எங்கள் ஊர் பாய்ஸிக்குத் திரும்ப வேண்டும். இதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். முட்டை பொரித்துக்கொண்டே சொன்னாள். தங்கள் தங்கை முட்டை பொரித்துக்கொண்டே சொன்ன எதையாவது என்றைக்காவது மாற்றிக்கொண்டது உண்டா? ஆகவே, அதற்குள் தாங்கள் அவளுக்குப் போன் செய்து, இடுப்பு வலி உயிர் போகிறது, உடனே புறப்பட்டு வா என்று சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லைத் தவிர வேறு எவர் சொல்லுக்கும் அவள் வண்டியைத் திருப்ப மாட்டாள்.

ஏன் இந்த நிலைக்கு வந்தேன் என்று தாங்கள் கேட்கலாம். மூலகாரணம் தாங்கள்தான். மரியாதை கருதி இத்தனை நாள் சொல்லவில்லை. இடுப்பு போனதும் அந்த எருமைக்கடா பைக்கை யாருக்காவது விற்றுத் தொலைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "இனிமே நீதான் இதை ஓட்டணும், லவோன்" என்று கண்கலங்கிச் சாவியை அவள் கையில் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மக்ரோனி பரிமாறி ஓய்வு பெற்றவள், இனி தோட்டம் போடுவாள், போர்வை தைப்பாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளோ வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "நீ மட்டும் வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறே?" என்று எனக்கும் ஒரு சின்ன பைக் வாங்கினாள். நான் ஓட்டுவேன், மச்சான், ஓட்டத் தெரியாதவன் இல்லை. சமதரையில், நல்ல வெளிச்சத்தில், எதிரே யாரும் வராத சாலையில் என்னிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் ஒருநாள் இந்த டிரெய்லர் வந்து எங்கள் வாசலில் நின்றது.

தாங்கள் இதைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். புகைப்படத்தில் அது சாதுவாகத்தான் இருக்கும். முன்பாதி வீடு, அடுப்பு, குளியலறை, சோபா எல்லாம் உண்டு. பின்பாதி பைக் நிறுத்தும் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. இருக்கிற ஒரே பின்சுவரும் சுவராக நிற்பதில்லை. ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் அது கிர்ர்ரென்று முனகிக்கொண்டே இறங்கி வந்து, தரையைத் தொட்டுச் சாய்தளமாகப் படுத்துவிடுகிறது. அதன்மேல் பைக்கை ஓட்டிக்கொண்டு உள்ளே ஏற வேண்டுமாம். மறுபடி அழுத்தினால் எழுந்து சுவராகிவிடுமாம். சுவர் என்றால் நிற்க வேண்டும், மச்சான், அதற்கு வேறு என்ன வேலை? விற்பனைக்காரன் இதைச் செய்து காட்டி, எங்கள் பைக்குகளையும் அவனே ஏற்றிக் கொடுத்தபோது லவோன் கைதட்டினாள். நான் இரண்டு பக்கமும் ஓடுகிற கேபிளைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. மாவட்டத்தின் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்து எந்தக் கேபிளும் சொல்லிவிட்டு அறுந்ததில்லை. அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க நான் மாடிப்படி ஏறித்தான் லிஃப்டுகளைப் பரிசோதித்தேன் என்பது தாங்கள் அறிந்ததே, அதைச் சொல்லித் தாங்கள் என் கல்யாணத்திலேயே சிரித்தீர்கள்.

படுக்கையும் இதே கதைதான். கூரையோடு ஒட்டிக்கிடக்கிற கட்டில், பட்டனை அழுத்தினால் இறங்கிவந்து பைக்குகளின் தலைக்குமேல் தொங்கும். கீழே பெட்ரோல் டேங்க், மேலே நாங்கள் இருவர். லவோன் தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிறாள். நான் ஷூவைக் கழற்றாமல், பெட்ரோல் வாசனை கூடுகிறதா குறைகிறதா என்று மோந்துகொண்டே கிடக்கிறேன்.

இந்தச் சுவருக்கு மூன்றாவதாக ஒரு அவதாரமும் இருக்கிறது. பாதியில் நிறுத்தி, பக்கத்தில் கம்பி மாட்டினால் அது தரைக்கு மேலே மொட்டைமாடி மாதிரி நிற்கும். அதில் நாற்காலி போட்டு உட்காரலாம். பனிக்குத் தப்பி வந்த கிழவர்கள் கூடிய இந்த முகாமில் நாலு மணி ஆனால் ஆளாளுக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவரின் டிரெய்லர் முன் கூடிவிடுவார்கள். எவனாவது வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறான், பைக் ஏற்றுகிறான் என்றால் அத்தனை நாற்காலியும் அந்தப் பக்கம் திரும்பும். இங்கே யாரும் டிவி பார்ப்பதில்லை, நான்தான் இருக்கிறேனே. பக்கத்து டிரெய்லர்க்காரர் நார்ம், மினசோட்டாக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் என்னை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

போன வாரம் லவோன் எல்லாரையும் எங்கள் மொட்டைமாடிக்கு அழைத்துவிட்டாள். நார்மும் அவர் மனைவி ஆர்டிஸும் இன்னும் சிலரும் ஏறி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் அம்மாள் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் காளான் சூப்பும் போட்டுச் சுட்ட பெரிய தட்டை மடியில் வைத்திருந்தார். இவ்வளவு பேர் கனத்தைக் கேபிள் தாங்குமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிமோட் யார் கையிலாவது சிக்கி ஏடாகூடம் ஆகிவிடக்கூடாதே என்று அதை எடுத்து என் பின்பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு, கீழே தரையில் இருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

கிர்ர்ர் என்றது. அத்தனை பேரையும் சுமந்துகொண்டு மாடியின் ஓரம் மெல்ல மேலே எழும்பியது. நாற்காலிகள் உள்பக்கமாகச் சறுக்கத் தொடங்கின. "பூகம்பம்டோய்!" என்று நார்ம் கத்தினார். நான் துள்ளி எழுந்தேன், அது நின்றுவிட்டது.

"ஆரின்! ரிமோட் எங்கே?" என்றாள் லவோன்.

"பத்திரமா இருக்கு!"

"எங்கேன்னு கேட்டேன்!"

மச்சான், பயம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. பத்திரமாக வைத்தது நினைவிருக்கிறது, எங்கே என்பது அழிந்துபோய்விட்டது. ஐஸ் பெட்டிக்கு அடியில் விழுந்திருக்குமோ என்று தரையில் உட்கார்ந்து தேடினேன். கிர்ர்ர். எழுந்தேன், நின்றது. நாற்காலிக்குக் கீழே பார்க்கலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். கிர்ர்ர். "அய்யோ, அந்த ஆளை யாராச்சும் நிக்க வைங்கய்யா!" என்று ஆர்டிஸ் அம்மாள் அலறினார். அதற்குள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகச் சறுக்கி எங்கள் சமையலறை வரை போய்ச் சேர்ந்திருந்தார்கள். மாட்டுக்கறித் தட்டு சோபாவில் கவிழ்ந்திருந்தது. லவோன் எல்லாரையும் தாண்டிக் குதித்து வந்து, என் பின்பாக்கெட்டில் கையை விட்டு ரிமோட்டை உருவினாள். நார்ம் உள்ளேயிருந்து, "ஏம்ப்பா, நாளைக்கும் இதே நேரம்தானா?" என்று கேட்டார்.

மறுநாள் பைக் ஏற்றுகிற ஒத்திகை வைத்தாள். முதலில் அவள் ஏறினாள். தங்கள் எருமைக்கடா அவளுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி அடங்குகிறது. டுப் டுப்பென்று போய் உள்ளே நின்று, காலை ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. "நடுவுல நிறுத்தாதே. கீழே பாக்காதே. என்னையே பாரு, நேரா வா. அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்! எதிரே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நான் கிளம்பினேன். முன்சக்கரம் சாய்தளத்தில் ஏறியதும் அது லேசாக ஒரு அசைவு அசைந்தது. சரியாக இறுக்கிய எந்தப் பலகையும் அப்படி அசையக் கூடாது. உடனே கேபிளைப் பார்த்தேன். கேபிளைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தேன். நடுவில் நின்றுவிட்டேன்.

இந்த இடத்தில் தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், தாங்களும் பைக் ஓட்டியவர். சாய்தளத்தின் நடுவில் நின்றால் காலுக்குத் தரை கிடையாது. வலது கால் தேடுகிறது, ஒன்றும் அகப்படவில்லை. இடது கால் தேடுகிறது, பலகையின் ஓரம் கட்டைவிரலில் தட்டுப்படுகிறது. பிரேக்கை விட்டால் பின்னால் போகும், முறுக்கினால் முன்னால் பாயும், சும்மா இருந்தால் பக்கவாட்டில் சாயும்.

"வா, ஆரின்" என்றாள் லவோன் உள்ளேயிருந்து.

"நான் இங்கேயே இருந்துடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. நீ உன் வேலையைப் பாரு."

"சாப்பாடு கொண்டாந்து தரட்டுமா?"

நாற்காலிக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். நார்ம் பீர் டப்பாவை வைத்துவிட்டு வந்து, இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு, என்னையும் பைக்கையும் சேர்த்து அப்படியே பின்னுக்கு இறக்கினார். என் விரல்களைப் பிரேக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "பரவாயில்லப்பா, விழலியே" என்று தட்டிக்கொடுத்தார். அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

இப்போது பெரிய விபரீதத்துக்கு வருகிறேன். நேற்று லவோன் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். யாரும் பார்க்காத நேரத்தில் ஏறிப் பழகிவிடுவோம், அவள் வரும்போது என் பைக் உள்ளே நிற்கட்டும், அவள் முகம் எப்படி இருக்கும் பார்ப்போம் என்று எனக்கு ஒரு ஆசை. ஆசைப்பட்டது என் தப்பு. கேபிளைத் தடவிப் பார்த்தேன். மோட்டாரில் காது வைத்துக் கேட்டேன். கீல், ஆணி, கம்பி எல்லாம் பார்த்தேன். ரிமோட்டை எட்டாத தூரத்தில் ஒரு கல்மேல் வைத்தேன். என்னென்ன பயப்பட வேண்டுமோ அத்தனைக்கும் முறையாகப் பயந்து முடித்துவிட்டுத்தான் பைக்கில் ஏறினேன். அதற்குள் நார்ம் மோப்பம் பிடித்து வந்துவிட்டார், கூடவே இன்னும் இரண்டு தடியர்கள். "நீ ஏறி உக்காரு, நாங்க தள்ளுறோம். நடுவுல நின்னா நாங்க இருக்கோம்ல" என்றார்கள். உதவி என்று வந்தவர்களை எப்படி விரட்டுவது? தள்ளினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் உள்ளே போனது தெரிந்தது. "வந்தாச்சுப்பா!" என்றார் நார்ம். கண்ணைத் திறந்தேன், மச்சான், நிஜமாகவே உள்ளே இருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் சமையலறை மேலே போகத் தொடங்கியது. லவோன் தன் பைக்கை முன்னால் தள்ளாமல் பின்வாசல் ஓரத்திலேயே விட்டிருந்தாள். என் பைக்கும் அங்கே, நான் அங்கே, மூன்று தடியர்கள் அங்கே, நிரம்பிய தண்ணீர்த் தொட்டியும் அதே பின்பக்கத்து அடியில். முன்னால் டிரக் இல்லை. பின்னால் ஊன்றுகிற இரண்டு இரும்புக் கால்களை நான் இறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தவன், அதற்குப் பயப்பட மறந்துவிட்டேன்! முழு டிரெய்லரும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாய் உட்காருவது மாதிரி உட்கார்ந்தது. அலமாரிகள் தாமாகத் திறந்தன. காப்பித்தூள் டப்பா வந்தது, தட்டுகள் வந்தன, குளிர்பெட்டி வாயைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எங்கள்மேல் எறிந்தது. பைக்குகள் சாய்தளத்தில் வழுக்கிப் போய்விடாமல் நாங்கள் நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நார்ம் மெல்ல இறங்கப் பார்த்தார். "அசையாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒரு ஆள் இறங்கினாலும் முன்மூக்கு தொபுக்கடீரென்று கீழே விழும், டிரெய்லரின் முதுகு ஒடியும், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முட்டைக்கருவோடு அப்படியே நின்றோம். நார்ம் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

டிரக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. லவோன் இறங்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். பின்பக்கம் வந்து எங்களைப் பார்த்தாள்.

"ஆரின்."

"என்னம்மா?"

"முட்டை வாங்கிட்டு வந்தேன். எங்கே வைக்கட்டும்?"

அப்புறம் ராக்ஸியைக் கூப்பிட்டாள். ராக்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கள் வயதுதான் இருக்கும், வெள்ளைமுடியை இரட்டைப் பின்னலாகப் போட்டிருப்பார், பெண்கள் மட்டும் சேர்ந்து பைக்கில் சுற்றுகிற கும்பலுக்குத் தலைவி. ஒரு பெரிய ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் பெண் பட்டாளத்தோடு வந்தார். மூக்குக்கு அடியில் முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி, எங்களை ஒவ்வொருவராக இறக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி டிரெய்லரை இறக்கிவைத்தார்கள். முடிந்ததும் ராக்ஸி கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் காதில் விழும்படியே லவோனிடம், "உனக்கு எதுக்குடி இந்த மூட்டை? இறக்கி வெச்சுட்டு எங்ககூட வா. டெத் வேலியில இப்போ பூப்பூக்கிற காலம்" என்றார். லவோன் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று காலை புது முட்டையைப் பொரித்துக்கொண்டே எனக்குத் தீர்ப்பை வாசித்தாள்.

மச்சான், இதுவரை எழுதியது எல்லாம் சில்லறைப் பயம். உண்மையான பயத்தைச் சொல்கிறேன், தங்களோடு இருக்கட்டும். அவள் தனியாகப் போனால் வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயப்படவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவள் அப்படி. தனியாகப் போய், அது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாளோ என்றுதான் பயப்படுகிறேன். பள்ளத்தாக்கில் பூப்பூத்திருக்கும், ராக்ஸி பாட்டுப் பாடுவார், யாரும் கேபிளைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவள் நிம்மதியாக இருப்பாள். திரும்பி வந்து என்னைப் பார்ப்பாள். அப்படி அவள் பார்க்கிற ஒரு பார்வை எனக்கு வேண்டாம். அதற்கு முன்னால் அவளைத் தடுக்க என்னால் முடியவில்லை, தாங்கள்தான் தடுக்க வேண்டும்.

போனில் பேசும்போது குரலைக் கொஞ்சம் இழுத்துப் பேசுங்கள். நடுவில் ஒரு முனகல் இருக்கட்டும், ரொம்ப வேண்டாம், ஆம்புலன்ஸ் அனுப்பிவிடுவாள். "நீ பக்கத்துல இல்லாம கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் போதும், அவள் இளகிவிடுவாள். நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நானே போனில் சொல்லியிருப்பேன், இந்த டிரெய்லரின் சுவர்கள் நிற்கிறபோதும் அட்டை மாதிரிதான் இருக்கின்றன, ஒரு தும்மல்கூட மறைக்க முடியாது.

அங்கே அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.

என்றும் தங்கள் நல்லெண்ணத்தை நாடும்,
ஆரின்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். முனகவும் வேண்டாம். மேலே எழுதியது எல்லாம் ரத்து.

இது புதன்கிழமை எழுதுவது. காலையில் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். லவோன் சாய்தளத்தை இறக்கிவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "எங்கே?" என்றாள். "தபால் போட" என்றேன். "குடு, நான் டவுனுக்குத்தான் போறேன், போட்டுடறேன்" என்று கையை நீட்டினாள். என் கை உறையை விட மறுத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அவளிடம் பொய் வராது, தங்களுக்குத் தெரியும். "உங்க அண்ணனுக்கு" என்றேன். "உன்னைத் தடுக்கச் சொல்லி" என்றும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரித்து, முதல் வரியிலிருந்து படித்தாள். ரிமோட் கட்டத்தில் சிரித்தாள். முட்டை கட்டத்தில் காப்பியைச் சிந்தினாள். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன், சுற்றிலும் பாலைவனம்.

"ராக்ஸியோட போனா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மெதுவாக. எனக்கு உயிர் போய்விட்டது. "ஆனா, யாரு பயப்படுவா?"

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான். கேபிளுக்கு, காத்துக்கு, பெட்ரோல் வாசனைக்கு. படுத்ததும் நான் குறட்டை விடுறேனே, எதனாலேன்னு நெனச்சே? பக்கத்துல நீ ஷூவோட முழிச்சிட்டிருக்கே. எனக்கும் சேத்து நீயே பயந்து முடிச்சுடறே, எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கிறதில்ல. ராக்ஸிக்கு எதுக்குமே பயம் கிடையாது, ஆரின். அவகூடப் போனா நான்ல முழிச்சிருக்கணும்?"

"அப்போ சனிக்கிழமைக்குள்ள ஏத்தணும்னு ஏன் சொன்னே?"

"ஏத்தாம உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போறது? உன் பைக்கை நான் தலையில தூக்கிக்கவா? நீ பயப்படு, நான் வேணாங்கல. வண்டிக்குள்ள வந்து பயப்படு."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. நின்றால் அழுதிருப்பேன், நாற்காலிகள் வேறு திரும்பத் தொடங்கிவிட்டன. டிரக்கை மாட்டினோம். பின்கால்களை இறக்கினேன், போய்ப் பார்த்தேன், திரும்பிப் போய்ப் பார்த்தேன். பைக்கில் ஏறினேன். மச்சான், நான் தைரியமாக ஏறினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடியிலிருந்து உச்சிவரை அலறிக்கொண்டேதான் போனேன். பயத்தில் பிரேக் எது என்று மறந்துவிட்டது, அதனால் நடுவில் நிற்கவில்லை. சமையல் அலமாரியில் முட்டித்தான் நின்றேன். யார் கையும் படவில்லை. வெளியே நார்ம், "என்னப்பா இது, ஒண்ணுமே ஆகலியே" என்று முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியை மடக்குகிற சத்தம் கேட்டது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "அனுப்பு. இடுப்பு போனதுலேருந்து அண்ணன் சிரிச்சே நான் கேக்கல" என்றாள். அதனால் அனுப்புகிறேன். எனக்காகத் தாங்கள் இதற்குள் நோயாளி ஆகத் தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். ஞாயிறுவரை காத்திருந்தால் என் மனசு மாறிவிடும் என்று இன்றைக்கே கிளம்பிவிட்டோம். இதை டவுன் தபால்பெட்டி எதிரில் டிரக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், லவோன் அவசரப்படுத்துகிறாள்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் பைக்குக்குப் பட்டை கட்டி முடிப்பதற்குள் அவள் வெளியே இருந்து பட்டனை அழுத்திவிட்டாள். நான் உள்ளே நிற்க நிற்கவே சுவர் கிர்ர்ரென்று எழுந்து வந்து முழுசாக மூடிக்கொண்டது. ஒரே இருட்டு, பெட்ரோல் வாசனை. வெளியே இருந்து லவோன் சுவரைத் தட்டினாள்.

"ஆரின், பயமா இருக்கா?"

"ரொம்ப."

"அப்பச் சரி. கிளம்பலாம்."